இரண்டு தேதிகளுக்கு ஒரே கப்பல்: கோவைப் பட்டறை செய்து தந்த போர்க்கப்பல் மாதிரிகள்

கோவை கணபதிப் பகுதியில் பம்பு செட்டுகளுக்கும் மோட்டார்களுக்கும் வார்ப்பட அச்சு செய்து கொடுக்கும் பேட்டர்ன் பட்டறை ஒன்று, பவுண்டரி வேலை குறைவாக இருக்கும் மாதங்களில் கப்பல் மாதிரிகளையும் செய்து தருகிறது. ஆண்டுக்குச் சில வேலைகளை மட்டுமே எடுத்துக்கொள்வதால் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்; அதை மதித்துப் பெயரின்றியே எழுதுகிறேன். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் உள்ள எங்கள் பள்ளியின் வரலாற்று அறைக்காக அவர்களிடம் இரண்டு மாதிரிகளைச் செய்யச் சொன்னோம். இரண்டும் ஒரே கப்பல்தான். அமெரிக்கக் கடற்படையின் வெஸ்ட் வர்ஜீனியா என்னும் போர்க்கப்பல் 1941 டிசம்பர் 7 காலையில் இருந்த வடிவில் ஒன்று. அதே கப்பல் 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்ற வடிவில் மற்றொன்று.

இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தை நடத்தும்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் தாக்கிய ஹவாய்த் துறைமுகமான பேர்ல் ஹார்பரில் அடிபட்ட அமெரிக்கக் கடற்படையினர், 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்ததை நேரில் பார்த்தார்களா என்று கேட்டாள். பாடநூல் தாக்குதலை ஒரு பத்தியிலும் சரணடைவை வேறொரு பத்தியிலும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இடையில் கழிந்த மூன்றே முக்கால் ஆண்டுகளில் முதல் நாளின் மனிதர்களும் கப்பல்களும் என்ன ஆனார்கள் என்பதை அது தொடுவதில்லை. அந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய விடை ஒன்று வேண்டும் என்பதற்காகவே இந்த வேலையைக் கொடுத்தோம். ஆகவே இந்த மதிப்புரையில் மரவேலையின் நேர்த்தியைவிட, கேட்ட கேள்விக்கு அந்த வேலை எவ்வளவு உண்மையாக விடை சொல்கிறது என்பதையே முதன்மையாகப் பார்க்கிறேன்.

முதலில் அளவு. 350இல் ஒரு பங்கு என்ற விகிதத்தைத் தேர்ந்தெடுத்தோம். கப்பலின் நீளம் 624 அடி, அதாவது ஏறத்தாழ 190 மீட்டர். இந்த விகிதத்தில் அது 54 சென்டிமீட்டர் ஆகிறது. பள்ளி மேசையில் இரண்டையும் அருகருகே வைக்க இதுவே வசதி. நீளத்தில் சிக்கல் ஏதும் இல்லை. அகலத்தில்தான் பட்டறையின் தரம் வெளிப்பட்டது. 1923இல் கடற்படையில் சேர்ந்தபோது கப்பலின் அகலம் 97 அடி 6 அங்குலம். மூழ்கி, தூக்கி எடுக்கப்பட்டு, வாஷிங்டன் மாநிலத்துப் பிரெமர்ட்டன் கப்பல் தளத்தில் மறுபடி கட்டப்பட்டபோது, டார்பிடோ அடியைத் தாங்குவதற்காக இரு பக்கங்களிலும் புடைப்புகள் சேர்க்கப்பட்டு அகலம் 114 அடியாக உயர்ந்தது. பனாமா கால்வாயின் அன்றைய மதகுகள் 110 அடிதான் என்பதால், அதன் பிறகு அந்தக் கப்பலால் கால்வாய் வழியே போகவே முடியாது என்ற நிலை உண்டாயிற்று. மாதிரியில் இந்த வேறுபாடு பக்கத்துக்கு 7 மில்லிமீட்டர் அளவே வருகிறது. பட்டறை முதலில் இரண்டுக்கும் ஒரே அளவில் அடிக்கட்டைகளை இழைத்து வைத்திருந்தது. நாங்கள் கொடுத்த அளவுத்தாளை மீண்டும் பார்த்த மூத்த பேட்டர்ன்காரர், "ஏனுங்க சார், ஒரே கப்பலுக்கு ரெண்டு அகலமுங்களா?" என்று கேட்டார். காரணத்தை விளக்கியதும் இரண்டாவது கட்டையை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார். வார்ப்படம் ஆறும்போது இரும்பு சுருங்கும் என்று கணக்கிட்டு அச்சில் மயிரிழை கூட்டி வைத்துப் பழகிய கைகளுக்கு 7 மில்லிமீட்டர் என்பது பெரிய தூரம். அதை அவர் பிழையாக விட்டுவிட மனம் ஒப்பவில்லை. கூடுதல் மரத்துக்குப் பணமும் கேட்கவில்லை.

1941 மாதிரி அழகானது என்று தயங்காமல் சொல்வேன். அந்தக் காலத்து அமெரிக்கப் போர்க்கப்பல்களின் தனி அடையாளம், கம்பிகளைச் சாய்த்துப் பின்னிய இரண்டு உயரமான கூண்டுக் கோபுரங்கள். இவற்றை அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்து ஒட்டிவிடுவது எளிது. இவர்கள் மெல்லிய பித்தளைக் கம்பியை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துச் செய்திருக்கிறார்கள். வெளிச்சம் ஊடுருவிப் பின்சுவரில் நிழல் விழுகிறது. நடுவே இரண்டு புகைபோக்கிகள், முன்னும் பின்னும் இரட்டைக் குழல் கொண்ட நான்கு பீரங்கிக் கூடுகள், அவற்றில் 16 அங்குல விட்டமுள்ள எட்டு பீரங்கிகள். தளத்துக்குத் தேக்கு. உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்கி, பலகை இணைப்புகளைக் கோடாகக் கீறியிருக்கிறார்கள்.

கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதோடு இந்த மாதிரி நின்றுவிடவில்லை. பக்கத்திலே டென்னசி கப்பலின் ஓரம் மட்டும் தெரியும்படி ஒரு துண்டை வைத்திருக்கிறார்கள். அன்று காலை வெஸ்ட் வர்ஜீனியா கடல் பக்கமும் டென்னசி கரைப் பக்கமும் கட்டப்பட்டிருந்தன. அதனால்தான் ஆறு ஏழு டார்பிடோக்களும் வெளியே நின்ற கப்பலின் இடப் பக்கத்தில் வந்து மோதின, உள்ளே நின்றது அந்த அடியிலிருந்து தப்பியது. இதை எத்தனை முறை பலகையில் வரைந்து காட்டினாலும் மாணவர்களுக்குப் புரியாது. மாதிரியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அதே வரிசையில் முன்னால் நின்ற ஓக்லஹோமா கவிழ்ந்து 429 பேரைப் பலி கொண்டது. வெஸ்ட் வர்ஜீனியா கவிழாமல் நேராகவே அடியில் அமர்ந்ததற்குக் காரணம், உள்ளே இருந்தவர்கள் எதிர்ப்பக்க அறைகளில் வேண்டுமென்றே தண்ணீரைத் திறந்துவிட்டுச் சாய்வைச் சமன் செய்ததுதான். அப்படியும் அதில் 106 பேர் இறந்தார்கள். பக்கத்துக் கப்பலில் விழுந்த குண்டின் சில்லு பாய்ந்த கேப்டன் மெர்வின் பெனியன், தன்னைத் தூக்கிச் செல்ல விடாமல் கட்டளைத் தளத்திலேயே உயிர் விட்டார். கப்பலின் அடியில் அடைபட்ட மூன்று பேர் டிசம்பர் 23 வரை உயிரோடு இருந்தார்கள் என்பதை, பின்னர் கப்பலைத் தூக்கியபோது கிடைத்த நாள்காட்டியில் போட்டிருந்த கோடுகள் காட்டின. இந்த மூன்று பேரைப் பற்றி வகுப்பில் பேசுவதா வேண்டாமா என்று யோசித்து, பேசுவதென்றே முடிவு செய்தேன். போர் தொடங்கியதைக் கண்டவர்கள் என்று எண்ணும்போது அவர்களை விட்டுவிட்டு எண்ணுவது நேர்மையாகாது.

இரண்டாவது மாதிரியைப் பார்ப்பவர்கள் அது வேறு கப்பல் என்றே நினைப்பார்கள். கூண்டுக் கோபுரங்கள் இல்லை. இரண்டு புகைபோக்கிகள் ஒன்றாகி, கோட்டைபோல எழும்பிய நடுக்கட்டடத்தோடு இணைந்துவிட்டன. விமானங்களைச் சுடுவதற்கான 5 அங்குல இரட்டைப் பீரங்கிகள் பக்கத்துக்கு நான்காக எட்டு கூடுகளில் வரிசையாக நிற்கின்றன. மாறாமல் இருப்பவை அந்த எட்டு பெரிய பீரங்கிகளும் முன்னணியத்தில் எழுதிய 48 என்ற எண்ணும் மட்டுமே. 1942 மே 17 அன்று, பக்கவாட்டு ஓட்டைகளை மரத்தாலும் கான்கிரீட்டாலும் அடைத்து, நீரை இறைத்து மிதக்கவிட்டார்கள். 1944 ஜூலையில்தான் அது பிரெமர்ட்டனிலிருந்து புறப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 25 விடியலுக்கு முன் பிலிப்பைன்ஸின் சூரிகாவோ நீரிணையில் ராடார் துணையோடு இருட்டில் சுட்டு, முதல் வீச்சிலேயே யமாஷிரோ என்னும் ஜப்பானியப் போர்க்கப்பலைத் தாக்கியது. அந்த இரவில் 93 பெரிய குண்டுகளைச் சுட்டது. அங்கே வரிசையில் நின்ற ஆறு அமெரிக்கப் போர்க்கப்பல்களில் ஐந்து, பேர்ல் ஹார்பரில் அன்று இருந்தவை. 1945 ஏப்ரல் 1இல் ஓகினாவா அருகே தற்கொலை விமானம் ஒன்று மோதி நான்கு பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று கப்பல் டோக்கியோ விரிகுடாவுக்குள் வந்து நங்கூரமிட்டது. சரணடைவுச் சடங்கு நடந்த மிசௌரி கப்பலுக்கு இசைக் குழுவில் வாசிக்க வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து ஐந்து இசைக்காரர்களை அனுப்பினார்கள். 1941இல் மூழ்கிய கப்பலின் ஆட்கள் ஐந்து பேர் கையெழுத்து நடந்த கப்பலிலேயே இருந்தார்கள் என்ற இந்தச் சிறு செய்தி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மரவேலையில் குறை சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. குறை இருந்தது எழுத்தில். பட்டறை மாதிரியோடு பித்தளைப் பெயர்த்தகடும், எட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடும் தருகிறது. கையேட்டை எழுதுவதற்கு வெளியே ஒருவரை வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்த முதல் படியில், போரின் முதல் அடியை வாங்கிய வீரர்களே அதன் முடிவையும் நேரில் கண்டார்கள் என்று தகட்டில் பொறிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். நெஞ்சைத் தொடும் வாசகம்தான். ஆனால் அது கப்பலுக்குப் பொருந்துமே தவிர, அதில் இருந்த மனிதர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. மூழ்கிய கப்பலிலிருந்து உயிர் பிழைத்தவர்களைக் கடற்படை பல கப்பல்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டது. கப்பல் திரும்பி வந்தபோது அதில் ஏறியவர்கள் பெரும்பாலும் புதியவர்கள்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். வெஸ்ட் வர்ஜீனியாவின் சமையல் பிரிவில் உணவு பரிமாறும் பணியில் இருந்தவர் டோரிஸ் மில்லர் என்னும் கறுப்பின இளைஞர். நிற வேற்றுமை காரணமாகப் பீரங்கிப் பயிற்சி தரப்படாதவர். அன்று காலை காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றதோடு, இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுடவும் செய்தார். 1942 மே 27 அன்று என்டர்பிரைஸ் கப்பலின் தளத்தில் அமெரிக்கப் பசிபிக் கடற்படையின் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் தாமே அவர் மார்பில் கடற்படைச் சிலுவைப் பதக்கத்தைக் குத்தினார். 1943 நவம்பர் 24 அன்று கில்பர்ட் தீவுகள் அருகே லிஸ்கம் பே என்னும் சிறு விமானந்தாங்கிக் கப்பல் நீர்மூழ்கியின் டார்பிடோவால் வெடித்தபோது அதில் பணியில் இருந்த மில்லர் இறந்துபோனார். பதக்கம் குத்திய நிமிட்ஸ் டோக்கியோ விரிகுடாவில் அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டார். பதக்கம் பெற்றவர் அதைப் பார்க்க இல்லை. நிமிட்ஸோ தாக்குதல் நாளில் பேர்ல் ஹார்பரில் இல்லாதவர். அவர் அங்கே பொறுப்பேற்றது 1941 டிசம்பர் 31 அன்று.

மிசௌரியின் தளத்தில் நின்ற பெரிய அதிகாரிகளில் முதல் நாளோடு நேரடித் தொடர்புடையவர் என்று அட்மிரல் ஹால்சியைச் சொல்லலாம். தாக்குதலின்போது அவர் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலோடு வேக் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அவர் முன்கூட்டி அனுப்பிய விமானங்கள் நேராகத் தாக்குதலுக்குள்ளேயே போய் விழுந்தன. துறைமுகத்துக்கு அவர் வந்து சேர்ந்தது மறுநாள் மாலை. இப்படிப்பட்டவரைத் தாக்குதலைக் கண்டவர் என்று எழுதலாமா என்று பட்டறையில் கேட்டார்கள். அதன் விளைவைக் கண்டவர் என்று எழுதுங்கள் என்றேன். கப்பல்களைப் பொறுத்தவரை வெஸ்ட் வர்ஜீனியாவோடு டெட்ராய்ட் என்னும் இலகுரகக் குரூசரும் இரண்டு நாள்களிலும் இருந்தது. டிசம்பர் 7 அன்று அடிபடாமல் துறைமுகத்தை விட்டு வெளியேறிய கப்பல் அது. மற்றவற்றில் 1,177 பேரைப் பலி கொண்ட அரிசோனா இன்றும் அங்கேயே கிடக்கிறது. பென்சில்வேனியா சரணடைவுச் சடங்குக்கு மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 12 அன்று ஓகினாவாவில் டார்பிடோவால் அடிபட்டுப் பின்தங்கியது.

கையேட்டில் இருந்த பெரிய குறை ஜப்பானியத் தரப்பைப் பற்றியது. பேர்ல் ஹார்பர் மீது முதல் அலை விமானங்களை வழிநடத்திய மிட்சுவோ ஃபுச்சிடா, மிசௌரியின் தளத்தில் நின்று சரணடைவைப் பார்த்தார் என்று ஐயம் ஏதுமின்றி எழுதியிருந்தார்கள். கதையாகச் சொல்ல இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்காது. முதல் குண்டைப் போடச் செய்தவரே கடைசிக் கையெழுத்தையும் பார்த்தார் என்றால் யாருக்கும் பிடிக்கும். அப்படிச் சொன்னவர் ஃபுச்சிடாவேதான். ஆனால் ஜப்பானியத் தூதுக்குழுவில் இருந்த பதினொரு பேர் யார் யார் என்பது பதிவில் இருக்கிறது. வெளியுறவு அமைச்சர் ஷிகெமிட்சு, தரைப்படைத் தலைமை அதிகாரி உமெசு உள்ளிட்ட அந்தப் பட்டியலில் ஃபுச்சிடாவின் பெயர் இல்லை. அமெரிக்கக் கடற்போர் வரலாற்றாசிரியர் ஜொனாதன் பார்ஷல் அவர் சொன்ன பல செய்திகளைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார். மிசௌரியில் இருந்ததாகச் சொன்னதும் அவற்றில் ஒன்று. ஃபுச்சிடாவின் வீரத்தையோ பிற்காலத்தில் அவர் கிறித்தவ சமயப் பரப்புரையில் கழித்த வாழ்க்கையையோ நான் குறைத்துப் பேசவில்லை. பள்ளியில் வைக்கும் ஒரு கையேட்டில், ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னதை மட்டும் நம்பி அச்சிடக் கூடாது என்பதே என் வாதம். பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டதும் எழுதியவரை அழைத்து எங்களோடு உட்காரவைத்தார்கள். அவரும் முகம் சுளிக்காமல் அந்தப் பத்தியை எடுத்துவிட்டார்.

எடுத்த இடத்தில் எதை வைப்பது என்று பேசியபோதுதான் கையேடு உண்மையிலேயே நல்ல கையேடாக மாறியது. ஃபுச்சிடா இல்லாவிட்டாலும் அந்தத் தளத்தில் பேர்ல் ஹார்பரோடு தொடர்புடைய ஒரு ஜப்பானியக் கடற்படை அதிகாரி நிச்சயமாக நின்றார்: ரியர் அட்மிரல் சதாதோஷி தொமியோகா. 1941இல் அவர் டோக்கியோவில் கடற்படைத் தலைமையகத்தின் செயல்பாட்டுப் பிரிவுத் தலைவர். பேர்ல் ஹார்பரைத் தாக்கும், ஜப்பானியக் கூட்டுக் கடற்படையின் தளபதி யமமோட்டோவின் திட்டத்தைத் தொடக்கத்தில் எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். தாம் எதிர்த்த தாக்குதலால் தொடங்கிய போரின் முடிவுக்குச் சாட்சியாகத் தமது கடற்படையின் சார்பில் போய் நிற்க வேண்டியதாயிற்று அவருக்கு. எங்கள் மாணவர்கள் ஃபுச்சிடாவை நினைவில் வைத்துக்கொள்வதைவிட இவரை நினைவில் வைத்துக்கொண்டால் போரைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்வார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

திட்டத்தை வகுத்த யமமோட்டோ 1943 ஏப்ரல் 18 அன்று பூகன்வில் தீவின் மேல் விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டார். தாக்குதல் படையை நடத்திச் சென்ற நகுமோ 1944 ஜூலையில் சைப்பான் தீவில் தற்கொலை செய்துகொண்டார். விமானங்களை ஏற்றிச் சென்ற ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு நான்கும் 1942 ஜூனில் மிட்வே தீவருகே நடந்த சண்டையில் மூழ்கின. ஷோகாகு 1944 ஜூன் 19 அன்றும் சூய்காகு அதே ஆண்டு அக்டோபர் 25 அன்றும் மூழ்கின. அந்த அக்டோபர் 25 விடியலுக்கு முன்புதான் வெஸ்ட் வர்ஜீனியா சூரிகாவோவில் சுட்டது என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொன்னார்கள். சிறு நீர்மூழ்கியில் வந்து கரையொதுங்கி, அமெரிக்கா பிடித்த முதல் ஜப்பானியப் போர்க் கைதியான கசுவோ சகாமாகி, போர் முடியும் வரை அமெரிக்காவில் கைதியாகவே இருந்தார்.

ஆனாலும் ஜப்பானியக் கப்பல்களில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது, இவற்றைச் சேர்க்கச் சொன்னதும் பட்டறையில் மிகவும் மகிழ்ந்தார்கள். தாக்குதல் நடந்தபோது யமமோட்டோ கொடியேற்றியிருந்த கப்பல் நகாட்டோ. அவர் அன்று ஹவாயில் இல்லை, ஜப்பானின் உள்நாட்டுக் கடலில் நின்ற அந்தக் கப்பலில்தான் இருந்தார். அந்த நகாட்டோ 1945இல் டோக்கியோ விரிகுடாவின் கரையில் உள்ள யொகோசுகாவில், ஓடும் நிலையில் இல்லாமல், அமெரிக்கர் கைக்கு வந்தது. இரண்டாவது, உஷியோ என்னும் நாசகாரிக் கப்பல். தாக்குதல் நடவடிக்கையின் பகுதியாக மிட்வே தீவைச் சுட அனுப்பப்பட்ட இரண்டு நாசகாரிகளில் ஒன்று. அதுவும் எந்திரம் பழுதாகி அதே யொகோசுகாவில் கிடந்தது. ஆகவே அந்தச் செப்டம்பர் காலையில் விரிகுடாவில் தோற்றவரின் பக்கத்திலும் முதல் நாளின் மிச்சம் இருந்தது.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கும் ஒரு செய்தி உண்டு. பசிபிக் போரின் முதல் குண்டு பேர்ல் ஹார்பரில் விழவில்லை. அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே முன்னதாக மலாயாவின் கோட்டா பாருக் கடற்கரையில் ஜப்பானியர் இறங்கத் தொடங்கிவிட்டார்கள், அங்கே நின்று சுட்டவர்கள் இந்தியப் படையின் டோக்ரா ரெஜிமென்ட் வீரர்கள். அந்த மலாயாவின் படைத் தலைவராக இருந்து, 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரை ஒப்படைத்த பெர்சிவல், மூன்றரை ஆண்டு சிறைக்குப் பின் எலும்பும் தோலுமாக மிசௌரியில், சரணடைவை ஏற்ற நேச நாட்டுத் தலைமைத் தளபதி மக்ஆர்தரின் பின்னால் நின்றார். மக்ஆர்தர் கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அவர் கடற்படைக்காரர் அல்லர் என்றாலும், போரின் முதல் மணி நேரத்தில் பொறுப்பில் இருந்து கடைசி மணி நேரத்தைப் பார்த்தவர் என்று ஐயமின்றிச் சொல்லத் தக்கவர். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு கப்பல்களில் ஐந்து 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டு வீசித் தாக்கியவை. சென்னையை விட்டு மக்கள் உள்நாட்டுக்குக் கிளம்பிய அந்த ஏப்ரலைப் பற்றிக் கொங்கு நாட்டுக் குடும்பங்களில் பெரியவர்கள் பேசிக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கையேட்டில் இந்தப் பகுதி இரண்டு பத்தி வருகிறது. கூடுதலாக ஒரு பத்தி இருந்திருக்கலாம்.

தகட்டில் கடைசியில் பொறித்த வாசகம் இது: "1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் மூழ்கிய வெஸ்ட் வர்ஜீனியா, 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் இருந்தது." உணர்ச்சி குறைவு என்று சில ஆசிரியர்கள் சொன்னார்கள். எனக்கு நிறைவாக இருக்கிறது. மிசௌரியில் அன்று பறந்த கொடி, 1941 டிசம்பர் 7இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் பறந்த அதே கொடி என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். அது கிடங்கிலிருந்து எடுத்த சாதாரணக் கொடிதான் என்று மிசௌரியின் கேப்டன் ஸ்டூவர்ட் மரே பின்னர் சொன்னார். பெரிய நிகழ்ச்சிகளைச் சுற்றி இத்தகைய ஒப்பனை தானாகவே சேர்ந்துவிடுகிறது. ஒரு பட்டறை அதைத் தன் தகட்டிலிருந்து துடைத்துவிடச் சம்மதித்தது சிறிய செயல் அன்று.

இனிச் சேவையைப் பற்றி. சொன்ன தவணையைவிட வேலை கணிசமாகத் தாமதமானது. தீபாவளிக்கு முன் பவுண்டரி வேலை குவிந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் கண்காட்சி நாளை மாற்றி வைத்திருப்போம். கட்டியனுப்பிய விதம் போதாது. மாதிரிகளை மரப்பெட்டியில் வைக்கோலும் பஞ்சும் வைத்து அனுப்பியவர்கள், கண்ணாடிப் பெட்டியை மட்டும் அட்டையில் சுற்றி அனுப்பினார்கள். ஒரு முனை உடைந்து வந்தது, கண்ணாடியை அவர்களே மாற்றித் தந்தார்கள். 1945 மாதிரியில் சிறு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் நிஜத்தில் இருந்ததைவிடக் குறைவாக இருக்கின்றன; இந்த அளவில் அவ்வளவு நுணுக்கம் செய்ய இன்னும் கூடுதல் விலையாகும் என்றார்கள், அதை ஏற்றுக்கொள்ளலாம். கையேட்டின் தாள் மெல்லியது. மாணவர் கைபட்டு இப்போதே மூலைகள் மடங்கிவிட்டன. இரண்டு மாதிரிகள், பீடங்கள், கண்ணாடிப் பெட்டி, தகடு, கையேடு எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அந்தப் பித்தளை வேலைக்கு இது அதிகமில்லை என்றே நினைக்கிறேன். முன்னாள் மாணவர்கள் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

பரிந்துரைப்பேனா என்று கேட்டால், ஒரு நிபந்தனையோடு பரிந்துரைப்பேன். மரத்தையும் பித்தளையையும் அவர்களிடம் நம்பி விடலாம். எழுத்தை மட்டும் நீங்களே பாருங்கள். எந்த ஆண்டு வடிவம் வேண்டும் என்பதையும், அந்த ஆண்டின் அகலம், கோபுரம், புகைபோக்கி, பீரங்கி எண்ணிக்கை ஆகியவற்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள். கையேட்டின் படியை அச்சுக்கு முன் கேட்டு வாங்கி வரி வரியாகப் படியுங்கள். ஆடி மாதத்தில் வேலையைக் கொடுத்தால் பவுண்டரிக் கூட்டம் இருக்காது என்று அவர்களே சொல்கிறார்கள். அடுத்ததாக 1971 போரின் கப்பல் ஒன்றைச் செய்யச் சொல்லலாமா என்று எங்கள் பள்ளியில் பேச்சு நடக்கிறது. அந்த முறை அளவுத்தாளோடு கையேட்டையும் மாணவர்களையே எழுதச் சொல்லி நாங்களே கொடுக்கப் போகிறோம், அதற்குப் பட்டறையும் ஒப்புக்கொண்டிருக்கிறது.